பஞ்சக்காவுக்கு வந்த அழைப்புகள்

கோபமாக வரும் அழைப்பை மூன்றாவது நாற்காலிக்குத் தள்ளிவிடுவது அந்த அறையில் எழுதப்படாத சட்டம். மூன்றாவது நாற்காலியில் பஞ்சக்கா இருப்பாள். பஞ்சு மூட்டை மாதிரி, யார் எவ்வளவு ஓங்கிக் குத்தினாலும் சத்தம் வராது, குத்தியவர் கைதான் உள்ளே போய்ச் சிக்கிக்கொள்ளும் என்று யாரோ வேடிக்கையாக வைத்த பெயர். வைத்தவன் வேலையை விட்டுப் போய்விட்டான். பெயர் மட்டும் நிரந்தரப் பணியில் இருந்தது.

தொலைக்காட்சி நிலையத்தின் தரைத்தளம் அது. பின்சுவருக்கு அந்தப் பக்கம் ஜெனரேட்டர். ஆறு நாற்காலி, ஆறு கணினி, காதுறை பிய்ந்த ஆறு ஹெட்போன். முந்தைய நாள் தொடரைப் பார்த்தவர்கள், திரையின் அடியில் ஓடிய எண்ணுக்குக் காலை ஒன்பது மணியிலிருந்து அழைப்பார்கள். அவர்கள் சொல்வதை ஒரு வரியாகச் சுருக்கித் தாளில் ஏற்ற வேண்டும். தாளில் மூன்று கட்டங்கள்: ஆதரவு, எதிர்ப்பு, பொது. பாட்டு நன்றாக இல்லை, விளம்பரம் அதிகம், கதாநாயகியின் புடவை எந்தக் கடை என்பதெல்லாம் பொது. மாலை நான்கு மணிக்குத் தாள் மாடிக்குப் போகும். அதைப் பார்த்துத்தான் கதாசிரியர் யாரைக் கொல்வது, யாரைப் பிழைக்க வைப்பது என்று முடிவெடுக்கிறார் என்று கீழே எல்லோரும் நம்பினார்கள். ஏறக்குறைய உண்மையும் அதுதான்.

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். அழைப்பவரோடு வாதாடக் கூடாது. ஒத்துப்போகவும் கூடாது. 'சரிங்க, எழுதிக்கிட்டேன்' என்று மட்டும் சொல்ல வேண்டும். அவர்கள் சிரித்தால் கூடவே கொஞ்சம் சிரிக்க வேண்டும். இல்லாவிட்டால் சுவரோடு பேசுகிற மாதிரி இருக்கிறது என்று வைத்துவிடுவார்கள். பஞ்சக்காவுக்கு அந்தக் கொஞ்சச் சிரிப்பு அழகாக வரும். நாற்பத்தாறு வயதுத் தொண்டையிலிருந்து இருபத்தைந்து வயதுச் சிரிப்பு.

அந்த வருடம் ஏழு மணிக்குப் புதுத் தொடர் ஒன்று வந்தது. கார் ஓட்டக் கற்றுத்தரும் பள்ளி நடத்துகிற நாற்பத்தைந்து வயதுக்காரி ஒருத்தி. கற்றுக்கொள்ள வருகிற முப்பது வயதுக்காரன் ஒருவன். முதல் வாரம் அவன் கியர் மாற்றத் திணறினான். இரண்டாவது வாரம் அவள் கை அவன் கைமேல் பட்டது. மூன்றாவது வாரம் தரைத்தளத்தின் ஆறு இணைப்புகளும் பற்றிக்கொண்டன.

"ஏம்மா, அந்தக் கிழவி வீட்டுல கண்ணாடியே கிடையாதா?"

"சரிங்க, எழுதிக்கிட்டேன்."

"என்னன்னு எழுதின? முகம் பாக்கற கண்ணாடின்னு தெளிவா எழுது. அப்புறம் மூக்குக் கண்ணாடி வாங்கிக் குடுத்துடப் போறாங்க."

பெரியவர் ஒருவர் தினமும் பத்தேகாலுக்கு அழைத்தார். "எனக்கு எழுபத்தொண்ணு. என் வீட்டுக்காரிக்கு அம்பத்தஞ்சு. அது வேறம்மா. ஆம்பளை மூத்தவனா இருந்தா அது குடும்பம். இது என்னது?"

திட்டுகிறவர்களைப் பஞ்சக்கா தாங்கிக்கொள்வாள். திட்டாதவர்கள்தான் கஷ்டம். ஒரு பெண் மிக மெல்லிய குரலில் பேசினாள். "நான் கோபமாச் சொல்லலைங்க. பாவமா இருக்கு. இன்னும் பத்து வருஷத்துல அவன் இவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவான். நர்ஸு வந்து, உங்க அம்மாவுக்கு என்ன செய்யுதுன்னு கேப்பா. அவன் ஒண்ணும் சொல்ல மாட்டான், நல்ல பையன். ஆனா ஒரு நிமிஷம் தரையைப் பாப்பான். அந்த ஒரு நிமிஷத்தை அவ யோசிச்சாளான்னு கேளுங்க."

பஞ்சக்கா எழுதிக்கொண்டதாகச் சொன்னாள். பேனா அசையவில்லை.

சாப்பாட்டு வேளையில் இரண்டாவது நாற்காலிக்காரி எல்லா அழைப்புகளையும் நடித்துக் காட்டுவாள். இருபத்தாறு வயது, வாய் ஓயாது. அவளைக் குருவி என்பார்கள். "அவனுக்குப் பால் பாட்டில் கழுவி வச்சிட்டுத்தான் காதலிக்கணும்னு ஒரு அம்மா சொல்றாங்கக்கா," என்பாள். "நீங்க சொல்லுங்க, உங்களுக்கும் அவ வயசுதானே. உங்களுக்கு அப்படியெல்லாம் தோணுமா?"

"எனக்கு முட்டி வலிதான் தோணுது," என்பாள் பஞ்சக்கா. எல்லோரும் சிரிப்பார்கள். அவளும் கொஞ்சம்.

முட்டியில் ஒரு வலியும் இல்லை. செவ்வாயும் வெள்ளியும் மாலை ஐந்தரைக்கு அவள் தன் வீட்டுக்கு மூன்று மாடி ஏறுவாள், கையில் பையோடு, மூச்சு வாங்காமல். ஆறு மணிக்கு எடிட்டர் வருவான்.

எடிட்டர் நிலையத்தின் மாடியில் வேலை செய்பவன். தொடர்களுக்கு ப்ரோமோ விளம்பரம் வெட்டி ஒட்டுகிற வேலை. முப்பத்தொரு வயது. அழைப்புப் பதிவுகளிலிருந்து நல்ல துண்டுகள் எடுக்கும்போது நான்கு மாதம் அவள் குரலை மட்டும் கேட்டான். அதற்குப் பிறகுதான் படியிறங்கி வந்து முகத்தைப் பார்த்தான். முகத்தைப் பார்த்த பிறகும் திரும்பத் திரும்ப வந்தான். அவளுக்கு அது புரியவே ஒரு வருடம் பிடித்தது. அப்பா ஒன்பது வருடம் படுக்கையில் கிடந்தார். அதற்குமுன் தம்பிக்குக் கல்யாணம் முடியட்டும் என்றார்கள். முடிந்தது, அவன் கடல் தாண்டிப் போய்விட்டான். அப்பாவும் போன பிறகு, அந்த இரண்டறை வீட்டில் அழைப்பு மணி அடித்தால் அது எரிவாயு சிலிண்டர்காரர் என்றுதான் அர்த்தம். அந்த மணியை இப்போது வேறொருவன் அடித்தான். இரண்டு வருடமாக அடிக்கிறான்.

கல்யாணம் என்று முதலில் சொன்னவனும் அவன்தான். பதிவு அலுவலகத்தில் படிவம் வாங்கி வந்தான். அவள் தன் பக்கத்தை நிரப்பிக் கையெழுத்தும் போட்டுவிட்டாள். அவன் பக்கம் காலி. "அம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லிடறேன்," என்றான். சொல்லிக்கொண்டே இருந்தான்.

தொடர் வந்ததும் அவனுக்கு ஒரு யோசனை பிறந்தது. "அம்மா தினம் ஏழு மணிக்கு அதைப் பாக்கறாங்க. பாத்துப் பாத்துப் பழகிடும். அந்த ரெண்டு பேருக்கும் கதையில கல்யாணம் ஆகட்டும், மறுநாளே நான் நம்ம விஷயத்தைச் சொல்லிடறேன்."

"அது கதை," என்றாள் அவள்.

"அம்மாவுக்கு எல்லாமே கதைதான்."

அன்றிலிருந்து செவ்வாயும் வெள்ளியும் அவன் அம்மாவின் கருத்தோடு வந்தான். அம்மா இன்று முகம் சுளித்தாள். அம்மா இன்று சும்மா இருந்தாள். அம்மா இன்று, அந்தப் பொம்பளை நல்லாத்தான் கார் ஓட்டறா என்றாள். அந்த ஒரு வரிக்காக இருவரும் அன்று மகிழ்ச்சியாக இருந்தார்கள். ஆறே முக்காலுக்கு அவன் கிளம்பிவிடுவான். அம்மாவுக்குத் தனியாகத் தொடர் பார்க்கப் பிடிக்காது.

பஞ்சக்கா தாளில் கை வைத்தது அதற்குப் பிறகுதான்.

பொய் எழுதவில்லை. எதிர்ப்பை ஆதரவு என்று மாற்ற அவளுக்கு மனம் வரவில்லை. பதினோரு வருடத்துப் பழக்கம் தடுத்தது. பொது என்று ஒரு கட்டம் இருந்தது, அவ்வளவுதான். 'கிழவிக்கு லிப்ஸ்டிக் ஒரு கேடா' என்று ஒருவர் கேட்டால், பொதுவில், 'ஒப்பனை குறித்துக் கருத்து' என்று எழுதினாள். 'அவனைப் பெத்தவ வந்து இவளைத் தூக்கிப் போட்டு மிதிக்கணும்' என்றால், 'தாய்ப் பாத்திரத்துக்குக் கூடுதல் காட்சிகள் வேண்டும் என்கிறார்.' கோபமான அழைப்பெல்லாம் அவளிடமே வந்ததால் வேலை சுலபமாக இருந்தது. மூன்று வாரத்தில் எதிர்ப்புக் கட்டம் மெலிந்து நூலாகிவிட்டது. மாடியில் கதாசிரியர் தாளைப் பார்த்து வியந்தார். ஊர் மாறிவிட்டது என்று யாரிடமோ சொன்னாராம். தொடரில் கல்யாணத்துக்கு நாள் குறிக்கப்பட்டது.

படிவத்தைப் பஞ்சக்கா பீரோவிலிருந்து எடுத்து மேசை மேல் வைத்தாள்.

அதே வாரம் மேனேஜர் தரைத்தளத்துக்கு இறங்கி வந்தார். கோபம் ஏற ஏறக் குரலைத் தாழ்த்துகிற மனிதர். சோப்பு விளம்பரம் கொடுக்கிற நிறுவனத்தின் தபால் பெட்டி, தொடரைத் திட்டி வந்த கடிதங்களால் நிறைந்து வழிகிறதாம். தாளில் எதிர்ப்பே இல்லையே என்று சந்தேகம் வந்து, மூன்று நாள் பதிவுகளை உட்கார்ந்து கேட்டிருக்கிறார். தாளைக் கையில் பிடித்து, ஆறு நாற்காலிக்கும் நடுவில் நின்று வாசித்தார்.

"'வெளிப்புறக் காட்சிகள் கூடுதலாக வேண்டும்.' இதுக்குப் பதிவைக் கேட்டேன் பஞ்சு. அந்தம்மா, அவளை நடுரோட்டுல நிக்க வச்சுச் செருப்பால அடிக்கணும்னு சொல்றாங்க."

"அது வெளிப்புறம்தானே சார்," என்றாள் குருவி. அறை குலுங்கிச் சிரித்தது.

"ஏன் இப்படிச் செஞ்சீங்க?" என்று ஏறக்குறைய கிசுகிசுத்தார் மேனேஜர்.

"அசிங்கமா இருந்தது சார். மேல அனுப்ப வேண்டாமேன்னு..."

"அதான் சரக்கே. தங்கத்தைக் கொண்டுபோய்க் குப்பையில கொட்டியிருக்கீங்க." அவர் தாளை மடித்தார். "உங்களை அனுப்பியிருப்பேன். ஆனா பதிவுல உங்க குரலைக் கேட்டேன். அவங்க என்ன திட்டினாலும் கடைசியில அழகா ஒரு சிரிப்பு சிரிக்கிறீங்க. அது வேற யாருக்கும் வரலை. அதை வச்சு ஒண்ணு பண்ணலாம்."

அந்த ஒன்றைப் பண்ணும் வேலை எடிட்டருக்குப் போனது.

நாற்பது நொடி ப்ரோமோ. கதாநாயகி கண்ணாடி முன்னால் பொட்டு வைத்துக்கொள்கிறாள். அவள் முகத்தின் மேல் ஒவ்வொரு குரலாக வருகிறது. கண்ணாடியே கிடையாதா. பால் பாட்டில். செருப்பு. ஒவ்வொன்றுக்குப் பிறகும் பஞ்சக்காவின் 'சரிங்க, எழுதிக்கிட்டேன்.' கடைசியில் அந்த மெல்லிய குரல்: 'உங்க அம்மாவுக்கு என்ன செய்யுதுன்னு கேப்பா.' ஒரு கணம் மௌனம். பிறகு பஞ்சக்காவின் சிரிப்பு. அந்த அழைப்புக்கு அவள் சிரித்திருக்கவில்லை. வேறெங்கோ, யாரோ புடவைக் கடையைப் பற்றிச் சொன்ன நகைச்சுவைக்குச் சிரித்ததை எடுத்து இங்கே ஒட்டியிருந்தான். ஒட்டு தெரியவே இல்லை. அவன் கைத்திறன் அப்படி.

இரண்டு நாளில் ஊரே அதைக் கைபேசியில் வைத்திருந்தது. பேருந்தில் இரண்டு பெண்கள் ஒருத்தி தோளில் ஒருத்தி சாய்ந்து அதைப் பார்த்தார்கள். அவர்களுக்குப் பின் இருக்கையில் உட்கார்ந்து பஞ்சக்கா தன் சிரிப்பை நான்கு முறை கேட்டாள்.

வெள்ளிக்கிழமை அவன் வந்தான். முகம் மலர்ந்திருந்தது.

"பாத்தியா?"

"அந்தக் கடைசி அழைப்புக்கு நான் சிரிக்கலை."

"தெரியும். அங்க உன் சிரிப்பு இல்லன்னா அது வெறும் திட்டு. நீ சிரிச்ச பிறகுதான் காமெடி ஆச்சு. மேனேஜர் எழுந்து கை குடுத்தாரு."

"யாரைப் பாத்து நான் சிரிக்கிறேன் அதுல?"

"அந்தக் கதாநாயகியைப் பாத்து." அவனுக்கு உண்மையிலேயே விளங்கவில்லை. "வேலைதானே. நான் செய்யலைன்னா வேற ஒருத்தன் மோசமாச் செஞ்சிருப்பான்."

அம்மா என்ன சொன்னாள் என்று அவள் கேட்டாள். கேட்டிருக்க வேண்டியதில்லை.

"அம்மா கண்ணுல தண்ணி வர்ற அளவுக்குச் சிரிச்சாங்க," என்றான் அவன், பெருமை பாதி, சங்கடம் பாதி. பிறகு மேசையில் படிவத்தைப் பார்த்துவிட்டு, "கொஞ்ச நாள் போகட்டும். இப்போ நேரம் சரியில்லை," என்றான்.

கதாசிரியர் ஒரே வாரத்தில் கதையைத் திருப்பினார். கதாநாயகி பதிவு அலுவலக வாசலில் புதுப் புடவையில் காத்து நின்றாள். மழையும் பெய்ய வைத்தார்கள். அவன் வரவில்லை. அவள் சொந்தக் காரில், அவளே ஓட்டக் கற்றுக்கொடுத்த கையால் ஓட்டிக்கொண்டு, அவள் அக்கா மகளோடு அதே தெருவில் போனான். சேறு அவள் புடவையில் தெறித்தது.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு ஆறு இணைப்பும் ஒன்றாக ஒலித்தன. இந்த முறை வந்ததெல்லாம் வாழ்த்து. பஞ்சக்கா ஒவ்வொன்றையும் அதனதன் கட்டத்தில், ஒரு சொல் பிசகாமல் எழுதினாள். எடிட்டர் காலையிலேயே படிக்கட்டில் அவளிடம் சொல்லியிருந்தான்: "அம்மா இன்னைக்குக் கூப்பிடறேன்னாங்க. மூணாவது நாற்காலிக்குப் போடச் சொல்லியிருக்கேன். பேசிப் பழகு. நல்ல சந்தர்ப்பம்."

பதினொன்றரைக்கு அந்த அழைப்பு வந்தது.

"மாடில எடிட்டிங் பண்றானே, அவனோட அம்மா பேசறேன். நேத்துப் பாத்தேன்மா. மனசு குளுந்து போச்சு. அந்தச் சேறு தெறிச்சுது பாரு, அதை இன்னும் கொஞ்சம் காட்டியிருக்கலாம்."

"சரிங்க, எழுதிக்கிட்டேன்."

"அட, அந்த விளம்பரத்துல சிரிக்கிற பொண்ணு நீதானா? குரல் அதே குரல். யாருடா அதுன்னு என் பையன்கிட்டக் கேட்டேன். தெரியாதும்மான்னுட்டான். பொய் சொன்னா அவனுக்குக் காது சிவக்கும். அன்னைக்குச் சிவந்துச்சு." அந்த அம்மாள் சிரித்தாள். நல்ல சிரிப்பு, வஞ்சகம் இல்லாதது. "உனக்குக் கல்யாணம் ஆயிடுச்சாம்மா?"

"இல்லைங்க."

"தப்பா நினைச்சுக்காத. என்ன வயசு உனக்கு?"

சுவருக்கு அந்தப் பக்கம் ஜெனரேட்டர் உறுமத் தொடங்கியது. பஞ்சக்கா அது ஓயும்வரை காத்திருக்கலாமா என்று ஒரு கணம் நினைத்தாள்.

"நாப்பத்தாறுங்க."

அந்த முனையில் வெடித்து வந்தது சிரிப்பு. "ஐயோ, நம்ம செட்டா நீங்க. எனக்கு அம்பத்தொண்ணு. குரலை வச்சு ஏமாந்துட்டேன் பாருங்க. மருமகளைக் கூப்பிட்டா சம்பந்தியம்மா வந்து நிக்கிற மாதிரி ஆயிடுச்சு."

பஞ்சக்கா கொஞ்சம் சிரித்தாள். தொண்டை தானாகச் செய்தது.

"அப்ப உங்ககிட்ட மனசு விட்டுச் சொல்லலாம்," என்றாள் அந்த அம்மாள், குரலைத் தணித்து. "வாரத்துல ரெண்டு நாள் ஓவர்டைம்னு லேட்டா வர்றான். அங்க யாரோ ஒருத்தி இருக்கா. நீங்க பெரியவங்க, கொஞ்சம் கவனிச்சுச் சொல்லுங்களேன். எந்தப் பொண்ணா இருந்தாலும் சரி, நான் குறுக்க நிக்க மாட்டேன். ஏழையா இருக்கட்டும், என்னமோ இருக்கட்டும். வயசுப் பொண்ணா இருந்தாப் போதும்."

எழுதிக்கொண்டேன் என்று சொல்ல வேண்டிய இடம். சொல்லியிருந்தால் இன்னொரு செவ்வாய், இன்னொரு வெள்ளி என்று ஓடியிருக்கும். சாகும்வரைகூட ஓடியிருக்கும்.

"அது நான்தாங்க," என்றாள் பஞ்சக்கா.

"எது?"

"அந்த ரெண்டு நாளும். ரெண்டு வருஷமா. உங்ககிட்டச் சொல்லிடறேன், சொல்லிடறேன்னு சொல்லிட்டே இருக்காரு."

குருவி தன் ஹெட்போனைக் கழற்றிவிட்டு இந்தப் பக்கம் திரும்பினாள். அவள் அழைப்பாளர் காற்றில் பேசிக்கொண்டிருந்தார்.

அந்த முனையில் குழாயில் தண்ணீர் விழும் ஓசை கேட்டது. யாரோ அதை மூடினார்கள். திரும்பி வந்த குரலில் சிரிப்பு துடைத்து எடுக்கப்பட்டிருந்தது. "இங்க பாருங்க. நாள் முழுக்க இதையே கேட்டு இதையே எழுதி உங்களுக்குத் தலைக்கு ஏறிடுச்சு. அது கதை. என் பையன் நல்ல பையன்."

அழைப்பு துண்டிக்கப்பட்டது.

ஐந்து நிமிடம் கழித்து எடிட்டர் படியிறங்கி வந்தான். கையில் கைபேசி, அதன் ஸ்பீக்கர் திறந்திருந்தது. ஆறு நாற்காலியும் அவனைப் பார்த்தன. அவன் முகம் வெளுத்திருந்தது, காது மட்டும் சிவப்பு.

"அக்கா," என்றான். இரண்டு வருடத்தில் அவன் அவளை அப்படி அழைத்ததில்லை. "எங்கம்மாகிட்ட என்னக்கா சொன்னீங்க? அவங்களுக்கு பிரஷர் இருக்கு. அப்படி எதுவும் இல்லைன்னு நீங்களே ஒரு வார்த்தை சொல்லுங்க."

கைபேசியை அவள் முகத்துக்கு நேரே நீட்டினான். அதற்குள் ஒரு பெண் மூச்சு வாங்குவது கேட்டது. அவன் கண்கள் அவளிடம் கெஞ்சின. அவற்றில் கோபம் இருந்திருந்தால் அவள் எதிர்த்து நின்றிருப்பாள். கோபம் துளியும் இல்லை.

"விளையாட்டுக்குச் சொன்னேங்க," என்றாள் பஞ்சக்கா கைபேசியிடம். "உங்க பையனை எனக்கு அவ்வளவாப் பழக்கம்கூட இல்லை."

"இந்த வயசுல இது என்ன விளையாட்டு," என்றது கைபேசி.

அவன் அதை அணைத்தான். பிறகு அவளைப் பார்த்தான், அத்தனை நன்றியோடு, அத்தனை அன்போடு. அந்த இரண்டு வருடத்தில் ஒரு மாலையில்கூட அவன் அவளை அப்படிப் பார்த்ததில்லை. படியேறிப் போனான்.

"முட்டி வலின்னு சொன்னீங்களேக்கா," என்றாள் குருவி. ஐந்து நாற்காலியும் சிரித்தன.

அன்று செவ்வாய். ஐந்தரைக்கு அவள் வீடு சேர்ந்தாள். விளக்கைப் போடாமல் நாற்காலியில் உட்கார்ந்தாள். ஆறு மணிக்கு அவன் செருப்போசை படியில் ஏறி வந்தது. மணி அடித்தது. அவள் எழுந்திருக்கவில்லை. மறுபடி அடித்தது. அடிக்கிற விதத்திலேயே அவன் மன்னிப்புக் கேட்பது தெரிந்தது. விட்டு விட்டு, மெதுவாக. மூன்றாவது முறை அடித்தபோது அவளால் முடியவில்லை. எழுந்து போய்த் தாழ்ப்பாளில் கை வைத்தாள். கதவைத் திறந்தால் என்ன சொல்வது என்றுகூட யோசிக்கவில்லை. திறக்கத்தான் போனாள்.

போன மாதம் குடிவந்த எதிர்வீட்டுக்காரர் கதவைத் திறக்கிற சத்தம் கேட்டது.

"யாருங்க வேணும்?"

"இங்க இருக்கற அக்காதான்," என்றான் அவன். "நான் அவங்க ஆபீஸ். ஒரு ஃபைல் வாங்கிட்டுப் போகணும்."

"விளக்கு எரியலையே. வர்ற நேரந்தான். உள்ள வந்து உக்காருங்க தம்பி."

"இல்லைங்க. ஏழு மணிக்குள்ள வீட்டுக்குப் போகணும்."

தாழ்ப்பாளில் இருந்த கையை அவள் எடுத்துவிட்டாள். செருப்போசை மூன்று மாடியும் இறங்கியது, கடைசி மாடியில் கொஞ்சம் வேகமாக.